எடை போடப்படும் குழந்தை எதை அளக்கிறது?

மாதத்தில் ஒருநாள் அங்கன்வாடியில் ‘வெயிட் போடுகிற’ நாள். டீச்சர் சமமான தரையாகப் பார்த்து எடை மெஷினை வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்ப்பார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள். ஒருவன் மெஷின்மேல் ஏறியதும் குதிப்பான். இறக்கி, அதட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அழுகிற கைக்குழந்தை என்றால் அம்மா தூக்கிக்கொண்டு ஏறுவார். பிறகு அம்மா மட்டும் ஏறுவார். இரண்டையும் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது உயரம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளப்பார்கள், பெரிய பிள்ளைகளை நிற்கவைத்து. ஒரே குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் நிற்கவைத்து அளப்பதைவிட ஏறத்தாழ 0.7 செ.மீ. கூடுதலாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைகள் அதையும் கணக்கில் கொண்டவை. கடைசியாக மேற்கையைச் சுற்றி மூவர்ண நாடா. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எல்லாம் கைபேசிச் செயலியில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மேலிருந்து போன் வரும்.

ஊரில் இத்தனை அளவுகள் எடுக்கப்படும் இடம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ரேஷன் கடையில் எடை மட்டும். டெய்லர் கடையில் நீளம் மட்டும். அங்கன்வாடியிலோ கிலோ, செ.மீ., சமைக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டையின் எண்ணிக்கை எல்லாம் தவறாமல் பதிவாகின்றன. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். இந்த அளவுகள் குழந்தைகளின் உயிரைக் காத்தவை. அவற்றில் எனக்குக் குறையில்லை. என் கண்ணில் படுவது வேறு. அளக்கிற கை எப்போதும் பெரியவருடையது. குழந்தை ஏறுகிறது, கையை நீட்டுகிறது, இறங்குகிறது. தன்னைப் பற்றி மெஷினில் வந்த எண் என்ன சொல்கிறது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. பள்ளிக்குப் போகும் முன்பே நூறு அளவுகளுக்கு ஆளான குழந்தை, தானாக ஒரு சாணைக்கூட அளந்திருக்காது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான்கு வயதில் அளந்து என்ன ஆகப்போகிறது, பெரியவனானால் தானாக வந்துவிடாதா? வரவில்லை என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. பிரதம் அமைப்பின் 2023ஆம் ஆண்டுக்கான ‘அசர்’ ஆய்வு, கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் ஒரு படத்தைக் காட்டியது. ஒரு ஸ்கேல், அதன்மேல் ஒரு பொருள், நீளம் என்ன? பொருளின் ஒருமுனை 0-வில் இருந்தபோது ஏறத்தாழ 85% பேர் சரியாகச் சொன்னார்கள். முனையைச் சற்று நகர்த்தி வைத்ததும் சரியாகச் சொன்னவர்கள் 39%.

முதல் முறை இந்த எண்களைப் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். இவர்கள் ஸ்கேலையே பார்க்காதவர்கள் இல்லை. ஜியோமெட்ரி பாக்ஸோடு பள்ளிக்குப் போனவர்கள், போகிறவர்கள். முனை எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ அதுதான் நீளம் என்று ஒரு சுலபவழி அவர்களுக்குப் பழகியிருக்கிறது. 0-வில் தொடங்கும்வரை அந்த வழி ஏமாற்றாது. 2-இல் தொடங்கி 7-இல் முடிந்தால் கவிழ்த்துவிடும். ஸ்கேலில் அச்சிட்டிருக்கும் எண் ஒரு கோட்டின் பெயர். நீளம் இருப்பது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில். அந்த இடைவெளிகளை ஒருமுறையாவது கையால் அடுக்கிப் பார்க்காதவருக்கு இது புரிய வழியில்லை. அடுக்கிப் பார்ப்பதற்கான வயது பதினாறு அல்ல, நாலரை.

ஒரு பெஞ்சின்மேல் தீப்பெட்டிகளை அடுக்கி அளக்கச் சொல்லிப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தை முதலில் இஷ்டத்துக்கு வைக்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு விரல் சந்து விடும், அல்லது ஒன்றின்மேல் இன்னொன்று ஏறி உட்காரும். தீப்பெட்டி தீர்ந்துபோனால் பக்கத்தில் கிடக்கும் அழிரப்பரையும் சேர்த்துக்கொண்டு ‘எட்டு’ என்று மகிழ்ச்சியாக அறிவிக்கும். இன்னொரு குழந்தை சில பெட்டிகளை நெட்டுவாக்கிலும் சிலவற்றைக் குறுக்குவாக்கிலும் வைத்திருக்கும், அதற்குப் பதினொன்று. அதே பெஞ்சு, எட்டா, பதினொன்றா? இங்கே டீச்சர் வாய் திறக்காமல் இருந்தால் சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் கணிதம் இருக்கிறது. ‘நீ சந்து விட்டுட்ட’, ‘இவன் ரப்பர வெச்சிட்டான் மிஸ்’. சந்து விடக் கூடாது, ஏற்றக் கூடாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரே பக்கமாக இருக்க வேண்டும் என்ற விதிகள் ஒவ்வொன்றும் ஒரு குற்றச்சாட்டாகப் பிறக்கின்றன. பெரியவர் முன்கூட்டியே விதிகளைச் சொல்லிவிட்டால் குழந்தை கீழ்ப்படியும். ஏன் என்று அதற்குத் தெரியாது.

பல தீப்பெட்டிகள் வேண்டாம், ஒரே ஒரு தீப்பெட்டி போதும் என்று சொன்னால் பிரச்சினை இன்னும் சுவையாகும். ஒன்றையே எடுத்து எடுத்து வைக்க வேண்டும். விட்ட இடத்தை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் கிட்டிப்புள் விளையாட்டு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. புள் போய் விழுந்த இடத்திலிருந்து குழிவரைக்கும் கிட்டியையே புரட்டிப் புரட்டிப் போட்டு எண்ணுவோம். எண்ணும்போது கிட்டியைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறானா என்று எதிர்க்கட்சி குனிந்து பார்த்துக்கொண்டே வரும். எட்டு வயதுப் பையன்கள் தணிக்கை அதிகாரிகளைப்போல நடந்துகொண்ட இடம் அது. அவர்களுக்குப் பக்கத்தில் மூக்கொழுக நின்று வேடிக்கை பார்த்த நான்கு வயதுத் தம்பிக்கு அது இலவச வகுப்பு. கண்ணில் அடிபடும் என்ற பயத்தில் அந்த விளையாட்டைத் தெருவிலிருந்து விரட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு போன வகுப்பை வேறெங்கும் நாம் வைக்கவில்லை.

குழந்தைகளுக்கு அளவு பிடிபடாத வயது ஒன்று உண்டு என்பதை முறையாகக் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே. 1941இல் அலீனா ஷெமின்ஸ்காவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் குழந்தையிடம் எண் உருவாகும் விதத்தைப் பற்றியது. ஒரே அளவுத் தண்ணீரை அகலமான டம்ளரிலிருந்து ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுக் குழந்தை ‘இதில்தான் நிறைய’ என்று உயரத்தைக் காட்டும். நம் வீடுகளில் இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. இரண்டு தோசை வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஒரே தோசையை இரண்டாகக் கிள்ளிப் போட்டுச் சமாதானம் செய்யாத அம்மா யார்?

ஆனால் பியாஜேயைப் பின்பற்றியவர்களில் பலர் இதிலிருந்து ஒரு சோம்பேறி முடிவுக்கு வந்தார்கள்: ஏழு வயதுவரை காத்திரு, அதற்கு முன்னே சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்று. 1970களில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடன் வேலை செய்த ஜேம்ஸ் மக்கேரிகிளும் அதை அசைத்துப் பார்த்தார்கள். இரண்டு வரிசைகளில் சமமாக வில்லைகளை வைத்து, பெரியவரே ஒரு வரிசையைக் கலைத்து நீட்டிவிட்டு ‘இப்போது எதில் அதிகம்?’ என்று கேட்டால் குழந்தை தப்பாகச் சொல்கிறது. அதே காரியத்தை ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை ஓடிவந்து ‘கெடுத்துவிட்டது’ என்று காட்டினால், சரியாகச் சொல்லும் குழந்தைகள் வெகுவாகக் கூடுகிறார்கள். பெரியவர் வேண்டுமென்றே கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும், அதைச் சொல்லத்தான் கேட்கிறார் என்று குழந்தை நினைப்பதில் தப்பென்ன? விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வி குழந்தைக்கு எப்போதும் சந்தேகத்துக்குரியது. டொனால்ட்சனின் 1978ஆம் ஆண்டு நூல் முழுக்க இந்தச் சந்தேகத்தின் விரிவுதான். கேள்விக்கு ஒரு காரணம் வேண்டும், குழந்தையின் பக்கத்திலிருந்து.

அப்படி ஒரு காரணம் கிடைத்தபோது என்ன நடக்கும் என்பதற்கு நான் அறிந்தவரையில் மிகச் சிறந்த பதிவு இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெர்மானியர் விட்டுப்போன ஒரு டாங்கியையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் ஊர்க்காரர்களே ஒரு மழலையர் பள்ளியைக் கட்டத் தொடங்கிய வட்டாரம் அது. அந்தச் செய்தி கேட்டு சைக்கிளில் பார்க்கப்போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸி, பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பள்ளிகளோடே இருந்துவிட்டார். நகராட்சியின் முதல் மழலையர் பள்ளி 1963இல் வந்தது. நகராட்சிப் பள்ளிகளில் ஒன்றான டயானாவில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் சிலர் செய்த வேலை 1997இல் ‘காலணியும் மீட்டரும்’ என்ற தலைப்பில் நூலானது.

விஷயம் சின்னது. வகுப்புக்கு இன்னொரு மேசை வேண்டும், இருக்கிற மேசையைப்போலவே. தச்சரைக் கூப்பிட்டார்கள். அளவு சொன்னால் செய்துதருகிறேன் என்றார் அவர். வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது. விரலை வைத்துப் பார்த்தார்கள், கையை விரித்துப் பார்த்தார்கள், காலை வைத்துப் பார்த்தார்கள். கைக்குக் கை கணக்கு மாறியது. வகுப்பில் கிடந்த பொருள்களை எடுத்து அளந்தார்கள். காகிதத்தை நீளமாக வெட்டி, எண்கள் எழுதி, ஆளுக்கொரு ‘மீட்டர்’ செய்தார்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இல்லாததால் ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொரு நீளம் சொன்னது. கடைசியில் ஒரு பையனின் காலணியை எல்லோருக்கும் பொதுவான அளவாக ஒப்புக்கொண்டார்கள். மேசையைக் காலணியால் அளந்து, பிறகு உண்மையான மீட்டர் கோலுக்கு வந்து சேர்ந்து, தச்சருக்கு வரைபடம் கொடுத்தார்கள். மேசை வந்தது.

முதல் நாளே டேப்பை நீட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆசிரியர்கள் நீட்டவில்லை, தச்சரும் பொறுத்துக்கொண்டார். அந்தக் காகித மீட்டர்களை நினைத்தால் எனக்கு மறுபடி ‘அசர்’ ஆய்வின் 39 சதவீதம் ஞாபகம் வருகிறது. எண் எழுதினால் மட்டும் மீட்டராகாது, இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் தங்கள் மீட்டர் தங்களையே காட்டிக்கொடுத்ததால் கற்றார்கள்.

இந்தக் கதையைச் சொன்னால் நம் ஆசிரியர்கள் உடனே கேட்பது, ‘எத்தனை பிள்ளைகள்? எத்தனை டீச்சர்?’ என்றுதான். நியாயமான கேள்வி. ரெஜியோவில் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். நம் அங்கன்வாடியில் ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. அதைப் பிறகு பார்ப்போம்.

நம் பாடப்புத்தகங்களில் சாணும் முழமும் இல்லாமல் இல்லை. முதலில் சாண், அடி, குச்சி; பிறகு ஸ்கேல் என்ற வரிசை உலகம் முழுக்க எழுதப்படாத சட்டம்போல இருக்கிறது. ‘என் மேசையின் நீளம் ____ சாண்’ என்று கோடிட்ட இடம். மேசையே இல்லாத வகுப்பில் தரையில் உட்கார்ந்த பிள்ளை ‘4’ என்று எழுதும். நோட்ஸில் 4 என்று இருக்கிறதே. சாணும் இப்படித்தான் சடங்காகிறது. டக்ளஸ் கிளெமென்ட்ஸ், ஜூலி சரமா போன்ற சிறுவயதுக் கணித ஆய்வாளர்கள் இந்த வரிசையையே கேள்வி கேட்டிருக்கிறார்கள். அளவுகோல் எதற்கு என்று புரிவதற்கு முன்னால் விதவிதமான அலகுகளைக் கொட்டினால் குழந்தை குழம்பும். ஸ்கேலைப் பிடிக்க ஆசைப்படும் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்கி வைப்பதில் அர்த்தமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவிடலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. டெய்லரின் இஞ்ச் டேப்பைக் கையில் கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளை அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் எல்லோரையும் அளக்கும். வாயில் வருகிற எண்கள் எல்லாம் கப்ஸா. அளப்பது என்ற காரியம் அதற்குள் இறங்கிவிட்டது.

முழத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பூக்காரரிடம்தான் போக வேண்டும். ‘மல்லி முழம் எவ்வளவு?’ என்று கேட்டு வாங்கும் ஊர் இது. 1956இல் தர அளவைச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை நாடெங்கும் நடைமுறையாகிப் பல தலைமுறை ஆகியும் பூ மட்டும் பிடிகொடுக்கவில்லை. பூக்காரர் முழங்கையைச் சற்று மடக்கி அளந்தால் பாட்டி விடமாட்டார்: ‘உன் கையால வேணாம்மா, இங்க கொடு, நான் அளக்கிறேன்.’ பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை இதைத் தினம் கேட்கிறது. பொது அலகு எதற்கு என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது. பள்ளியில் டீச்சர் ஒரு நூல்கண்டைப் பூச்சரமாக்கி, ஒரு பிள்ளையைப் பூக்காரராக உட்காரவைத்தால் போதும். தன் முழத்துக்கும் டீச்சரின் முழத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை பூ குறைகிறது என்று பிள்ளைகளே எண்ணிக் காட்டுவார்கள்.

அளவு யார் கையில் என்பது நம் வரலாற்றில் விளையாட்டாக இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று அளவு வாய்பாடுகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அந்த மரபை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபுவின் நூல் 2022இல் வந்தது. நெல்லை அளக்கும் உழக்கும் நாழியும் மரக்காலும் வாய்பாட்டில் ஏறியிருந்தன. திண்ணையில் உட்கார்ந்து படிக்க முடிந்தவர் யார், களத்தில் கூலி நெல்லுக்காகத் துண்டை விரித்தவர் யார் என்பது தனிக் கதை. தஞ்சைப் பகுதியில் 1940களின் பண்ணையாள்கள் போராட்டத்தில் ‘முத்திரை மரக்கால்’ ஒரு கோரிக்கை. கூலி அளந்த மரக்கால் கள்ள மரக்கால் என்பதால் அரசு முத்திரை குத்திய மரக்காலில் அளந்து போடு என்று கேட்டார்கள். அளக்கத் தெரியாதவரை ஏமாற்றலாம் என்பது அளப்பவருக்குத் தெரிந்திருந்தது. மழலையர் வகுப்பில் அளவை வைப்பதை நான் கற்பித்தல் உத்தியாக மட்டும் பார்க்க முடியாததற்கு இந்த மரக்காலும் ஒரு காரணம்.

மரியா மாண்டிசோரியும் ஏழைகளின் குடியிருப்பில்தான் தொடங்கினார்: 1907 ஜனவரி 6, ரோமின் சான் லொரென்சோ. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946வரை இந்தியாவில் இருக்க நேர்ந்தது. சில ஆண்டுகள் கொடைக்கானலில். அவருடைய பொருள்களில் சிவப்புக் கோல்கள் என்று ஒன்று உண்டு. பத்துக் கோல்கள், 10 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டர்வரை, ஒவ்வொன்றும் முந்தியதைவிட 10 செ.மீ. நீளம். மீட்டர்க் கோலைத் தூக்கிவர குழந்தை இரண்டு கையையும் விரிக்க வேண்டும். நீளம் தோளுக்குத் தெரியும். ஒரு கோலை இடம் மாற்றி வைத்தால் படிக்கட்டு கோணலாகிவிடும், யாரும் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று அந்தக் கோல்கள் பெருநகரத்தின் வசதியான பள்ளிகளில் பளபளக்கின்றன. ஒரு மூங்கில் கழியும் ஒரு ரம்பமும் இருந்தால் எந்த ஊர்த் தச்சரும் ஒரு மாலையில் செய்துதந்துவிடக்கூடிய பொருள் அது.

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கு எதிரான சான்றையும் வைத்துவிடுவது நேர்மை. எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லியில் 214 பாலர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளிடம் நடத்திய பரிசோதனை 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அளவையும் வடிவத்தையும் கண்ணால் ஒப்பிடும் விளையாட்டுகளை மாதக்கணக்கில் விளையாடவைத்தார்கள். ஒப்பிடும் திறன் நன்றாகக் கூடியது. ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் போய் எழுத்துக் கணக்கு என்று வந்தபோது அந்த லாபம் கூடவே போகவில்லை. விளையாட்டு விளையாட்டாகவே நின்றுவிட்டது. ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்று மேடைக்கு மேடை முழங்குவோர் இந்த ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கையில் பிடித்ததற்கும் பலகையில் எழுதுவதற்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அதைப் போடுவது பேச்சு. தீப்பெட்டிச் சண்டை முடிந்ததும், ‘அப்போ ஒன்பதுன்னு எழுதிடலாமா?’ என்று டீச்சர் சுவரில் சாக்பீஸால் எழுதும் அந்த ஒற்றை எண்ணும் வேண்டும்.

பேச்சு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாமே ‘பெருசு’ அல்லது ‘சின்னது’. நெட்டையானதும் பெருசு, அகலமானதும் பெருசு, கனமானதும் பெருசு. இந்த ஒரு சொல்லைப் பிரித்துக்கொடுப்பதுதான் மழலையர் வகுப்பில் பாதி வேலை. கனம், லேசு, தடிமன், மெலிசு, ஆழம், மேடு, ஒடுக்கம். ‘இந்தச் செம்பு எவ்வளவு கொள்ளும்?’ என்று கேட்கும் மொழி நம்முடையது. கொள்ளளவு என்ற பாடச் சொல்லின் உயிர் அந்தக் ‘கொள்ளும்’இல் இருக்கிறது. சிரட்டையால் மணலை அள்ளிச் செம்பில் கொட்டும் பிள்ளையிடம் அந்தச் சொல்லைப் போட்டுவைத்தால், நாலாம் வகுப்பில் லிட்டர் வரும்போது அதற்கு இருக்க ஓர் இடம் இருக்கும். ஆங்கில வழி நர்சரிகளில் ‘பிக், ஸ்மால்’ என்று அட்டையைக் காட்டிக் கோரஸாகக் கத்தவைக்கும்போது இந்தப் பிரிவினை நடப்பதில்லை. ஒரு சொல்லுக்கு இன்னொரு மொழியில் இன்னொரு சொல் வருகிறது, அவ்வளவுதான்.

பெற்றோரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ‘பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரைக்கும் எழுதுறான்’ என்ற கவலை உண்மையானது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டின் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் அந்தக் கவலைதான். நூறுவரை எழுதும் பிள்ளையிடம் பதினேழு புளியங்கொட்டையை எடுத்துவரச் சொன்னால் ஒரு கை அள்ளிக்கொண்டு வருகிறதே என்பதைப் பெற்றோர் பார்க்க வாய்ப்பில்லை. நோட்டில் சிவப்பு மையில் ‘குட்’ என்று இருக்கிறது. மாதக் கூட்டத்துக்கு வரும் அம்மாவிடம் நோட்டைக் காட்டுவதற்குப் பதில், அவர் பிள்ளை மணலை அளப்பதை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கவிட்டால் பாதிக் கவலை குறையும்.

இனி அந்த நியாயமான கேள்வி: எத்தனை டீச்சர்? அதாவது, நேரம். அங்கன்வாடி டீச்சரின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் பதிவேடு, செயலி, வீட்டுப் பார்வை, தடுப்பூசி நாள், கூட்டம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் முன்பருவக் கல்வி. பெரும்பாலும் அது இரண்டு பாட்டு. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். நான்கு மாவட்டங்களில் 320 மையங்கள். அவற்றில் பாதியில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். யாரும் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது: பழைய டீச்சருக்குக் கை ஒழிந்ததால் சத்துணவு, உடல்நலப் பணிகள் மேம்பட்டு, வளர்ச்சி குன்றலும் குறைந்தது. எடை போடும் வேலைக்கும் அளக்கச் சொல்லித்தரும் வேலைக்கும் பகையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? புதிய பாடத்திட்டங்களும் பளபளக்கும் கிட் பெட்டிகளும் அச்சிடும் பணத்தில் ஒரு பங்கை அரைநாள் பணியாளர்களுக்குத் திருப்பினால் பலன் கூடுதல் என்பது என் கணிப்பு. கிட் பெட்டி பெரும்பாலும் பீரோவில் பத்திரமாக இருக்கும். உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே.

அதுவரை என்ன செய்யலாம்? எடை போடும் நாளையே எடுத்துக்கொள்ளலாம். உயரம் அளந்து முடிந்ததும் அதே உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, பெயர் எழுதி ஆணியில் மாட்டினால், பிள்ளைகள் தங்கள் நூலைத் தேடிவந்து பக்கத்து நூலோடு ஒப்பிடும். யார் நூல் நீளம், யாருடையது குட்டை என்பதற்கு எண்ணே வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைக்குப் புது நூல் வெட்டிப் பழையதோடு சேர்த்துப் பிடித்தால், தான் வளர்ந்த நீளம் விரல்நுனியில் தொங்கும். எடை மெஷினில் தான் ஏறி இறங்கிய பிறகு ஒரு செங்கல்லை ஏற்றிப் பார்க்கலாம், புத்தகப் பையை ஏற்றிப் பார்க்கலாம். ‘இது உன்னவிட கனமா, லேசா?’ என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு ஏற்றினால், தப்பாகப் போன ஊகத்துக்குக் கிடைக்கும் சிரிப்பு எந்தச் சரியான விடைக்கும் கிடைக்காது.

அரிசியை மட்டும் பிள்ளைகள் கையில் விட மாட்டார்கள். இருப்புப் பதிவேட்டில் கிராம் கணக்கில் அது எழுதப்பட்டிருக்கிறது. சிந்தினால் ஆயாம்மா பதில் சொல்ல வேண்டும். அவர் பயம் அவருக்கு. ஆனால் அவர் அளக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கத் தடையில்லை. காலையில் இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து எண்ணி, டம்ளரைத் தலைதட்டி அரிசியைப் பாத்திரத்தில் போட்டு, விரலை விட்டுத் தண்ணீரின் மட்டம் பார்க்கிறார். பாத்திரத்தின் அடியில்தான் அரிசி கிடக்கிறது. மதியம் மூடியைத் திறந்தால் விளிம்புவரை சோறு. ‘காலைல கொஞ்சமாத்தான இருந்துச்சு?’ என்று கேட்காத நான்கு வயது இல்லை. அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் பதில் தெரிந்தவர், தினமும் அந்தக் கணக்கை மனத்துக்குள்ளேயே போடுகிறவர் ஆயாம்மாதான். இதுவரை எந்தப் பயிற்சி முகாமுக்கும் அவரைக் கணக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டதில்லை.